ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம்

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் பக்கத்தில் ஒருமுறை தலைசாய்த்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? சுற்றும் ஃபேன், டியூப்லைட், வெள்ளைச் சுவர். ஜன்னல் இருக்கிறது. ஆனால், அது நிற்கிற பெரியவர்களின் உயரத்தில் இருக்கிறது.

அந்த ஜன்னல் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. சின்ன ஆய்வுதான், பெரியவர்களிடம் நடந்ததுதான். ஆனாலும், மருத்துவமனை கட்டுகிறவர்களை அது யோசிக்கவைத்தது.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனை, 2011-ல் பூங்காவை ஒட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. உள்ளே இரண்டு மாடி உயர மீன் தொட்டி. கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட்டுகளுக்குத் தனி இடம்!

கோவில்பட்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம், வேம்பு போதும். அம்மை கண்ட பிள்ளையை வேப்பிலை விரித்துப் படுக்கவைத்த சீமை இது. மழை பொய்த்தாலும் பங்குனி, சித்திரையில் துளிர்த்துப் பூக்கும் மரம் அது. பழுத்தால் காக்கையும் மைனாவும் தேடி வரும்.

ஆனால், கரிசலில் ஒரு கவனம் தேவை. மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது. சுவரை ஒட்டி மரம் வைத்தால், வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் இன்னும் சுருங்கி, சுவரில் விரிசல் விழும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்லது. மேற்குப் பக்கம் நட்டால், சாயங்கால வெயிலில் அதன் நீண்ட நிழல் வார்டுவரை வந்து சேரும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள், குழந்தைகள் வார்டு ஜன்னலைக் கட்டில் மட்டத்துக்கு இறக்கி, உறுதியான கம்பி போடலாம். பழைய கட்டடமா? மரம் தெரிகிற பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடலாம். காசு செலவில்லை.

அணிலை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, ஊசியோடு வரும் நர்ஸைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனிக்கும்.