பிள்ளைத் தோட்டத்தில் எதை நடுவது?

ஆங்கில மழலைப் பள்ளிகள் சிலவற்றின் முகப்பில் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிலே பூந்தொட்டிகள் அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். ஆசுட்டர், பெகோனியா, குரோட்டன் என அவ்வரிசை செல்லும். நாள்தோறும் அவற்றைக் கடந்து செல்லும் பிள்ளைக்கு எழுத்தும் செடியும் ஒன்றாகவே நெஞ்சிற் பதிகின்றன. முறை நல்ல முறையே, அதைப் பழிப்பதற்கில்லை. பழிக்கத்தக்கது, அதே முறையைத் தம் மொழிக்குக் கையாளலாம் என்னும் எண்ணம் தமிழர்க்குத் தோன்றாமையே.

தோன்றுவார் சிலர்க்கும் முதற்கண் தோன்றுவது ஐந்திணைத் தோட்டம். நிலங்களுக்கே பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் இட்டு வழங்கிய இனத்தார்க்கு அவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆயினும் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்க்கே அதன் அருமை விளங்கும். நீலக்குறிஞ்சி உயர்மலைச் சரிவில் வளர்வது. 12 ஆண்டுகட்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, மீண்டும் 2018-இல்தான் பூத்தது. மலைநாட்டிலேயே ஐந்தாம் அகவையில் ஒரு பிள்ளை அதனை விதைத்தாலும், பூவைக் காணும்போது அது பிள்ளையாய் இராது. மருதமோ ஆற்றங்கரைப் பெருமரம். நெய்தலுக்கு நீர்நிலை வேண்டும். சிறு குழந்தைகள் தவழும் முற்றத்தில் நீர்நிலை தக்கதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களையும் ஒருங்கே வளர்க்க விழைவார் உளர். அவற்றுட் பல இன்ன பூவென்பதிலேயே அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. இவையெல்லாம் பல்கலைக்கழகமும் அரசும் ஏற்றுச் செய்யவேண்டிய பணிகள். நான்கு முழ முற்றத்தின் மேல் சுமத்தத் தக்கன அல்ல.

செங்காந்தளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. தழலென விரியும் அதன் அழகுக்கு ஈடில்லை. ஆயினும் அதன் கிழங்கு கொல்லும் நஞ்சு. கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் உழவர் அதனை அறிவர். மருந்துக்காக வயலில் விளைவிப்போரும் அதனைக் கருத்தோடுதான் கையாள்கின்றனர். கண்டதை வாயிலிடும் அகவையினர் உலவும் இடத்தில் இனப்பெருமைக்காக அதனை நடுவது தமிழ்ப்பற்று ஆகாது. பெரியோரின் பெருமிதத்துக்குச் சிறியோரின் உயிரா விலை?

ஆகலின், பிள்ளைத் தோட்டத்துக்குப் பொருந்துவது உயிரெழுத்துத் தோட்டமே. அகரத்துக்கு அவரை. விதை பெரிது, பிஞ்சு விரலுக்கு எளிதில் அகப்படும்; சில நாள்களிலேயே மண்ணை முட்டிக்கொண்டு வெளிவரும். காத்திருக்க அறியாப் பிள்ளைக்கு முதற்செடி இப்படித்தான் அமைதல் வேண்டும். ஆகாரத்துக்கு ஆவிரை, வறண்ட மண்ணிலும் பொன்னாய்ப் பூப்பது, பொங்கற் காப்பிலே கட்டுவது. இகரத்துக்கு இஞ்சி. இஞ்சிவேர் என்னும் தென்சொல்லே கடல் கடந்து, கிரேக்கத்திற் சிஞ்சிபெரிசு ஆகி, ஆங்கிலத்திற் சிஞ்சர் எனத் திரிந்தது. அவ்வாங்கிலச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யும் தமிழ்ப்பிள்ளை, தன் வீட்டுப் பொருளையே அயலார் கடையில் விலைக்கு வாங்குகிறது! ஈகாரத்துக்கு ஈந்து, இலைநுனி குத்துமாதலின் வேலியோரத்தில் நிற்கட்டும். உகரத்துக்கு உளுந்து, ஏறத்தாழ 70 நாளில் நெற்று முற்றும்.

ஊகாரத்தில் விழிப்பு வேண்டும். ஊமத்தை என்பதே பலர் வாயிலும் முதலில் வரும். அதன் முள்ளுருண்டைக் காய் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். உள்ளிருக்கும் விதையோ அறிவை மயக்கும் நஞ்சு. அதனை விடுத்து ஊசிமல்லிகையை நடுக. எகரத்தில் எருக்கும் அவ்வாறே விலக்கத்தக்கது, அதன் பால் கண்ணுக்குக் கேடு. எள் இருக்கக் குறையென்ன? ஏகாரத்துக்கு ஏலம் எனலாம்; மலைநிழலும் ஈரமும் இன்றி அது வளராது. சமவெளியில் ஏழிலைக்கிழங்கு, அஃதாவது மரவள்ளி, பொருந்தும். இலையின் பிரிவுகளை எண்ணியே பிள்ளை எண்ணுப் பயிலலாம். கிழங்கை மட்டும் வேகவையாமல் உண்ணலாகாது.

மரவள்ளி அமெரிக்க மண்ணின் செடியாயிற்றே, தமிழ்த் தோட்டத்தில் அதற்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக் கூடும். இடமுண்டு. இத்தோட்டம் செடிகளின் பிறப்பை ஆராயும் வழக்குமன்றமன்று. பெயர்களைக் காக்கும் பள்ளி. மிளகாயும் அங்கிருந்து வந்ததே. வந்த காயின் காரத்தை நாவில் அறிந்து, மிளகோடு ஒப்பிட்டுப் பெயரிட்டான் தமிழன். வந்தவன் மொழியை அவன் இரவல் கேட்கவில்லை. கனகாம்பரமோ இம்மண்ணுக்கு உரிய செடி. அழைக்கும் பெயரோ வடசொல். இவ்விரண்டனுள் எது இழப்பு என்பதைத் தமிழன்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஐகாரத்துக்குப் பள்ளிச் சுவடிகள் ஐந்து என்னும் எண்ணோடு அமைந்துவிடுகின்றன. ஐயவி இருக்கிறது. வெண்சிறுகடுகாகிய இதனைத் தூவிப் புண்பட்ட மறவனைக் காத்த வழக்கத்தைப் புறநானூறு காட்டும். ஈரத்துணியில் இட்டாலும் விரைந்து முளைக்கும் இவ்விதையின் பெயர் மறைந்துபோக விடலாமா? ஒகரத்துக்கு ஒதி, கிளையை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று பழமொழி அதனை எள்ளினும், தான் நட்ட கோலில் தளிர் கண்ட பிள்ளை அதனை எள்ளாது. ஓகாரத்துக்கு ஓரிதழ்த்தாமரை. தாமரை இனமன்று, மழைக்குப்பின் தரையோரம் முளைக்கும் சிறு பூண்டு. பெரிதாய் விரிந்த ஒற்றை இதழால் பெற்ற பெயர்.

ஔகாரத்தில் தொடங்கும் செடியைத் தேடி அல்லற்பட வேண்டுவதில்லை. ஔவைக்கு அதியமான் ஈந்த நெல்லி அவ்விடத்தே நிற்கட்டும். எழுத்தோடு கதையும் சேரும். ஆய்தத்துக்குக் கூவிளம். வடமொழியார் வில்வம் என்னும் அதன் இலை மூன்று சிற்றிலையாய்ப் பிரிந்து, முப்புள்ளியை நினைவூட்டும். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என யாப்பின் வாய்பாட்டிலேயே மரங்களை நிறுத்தியவர் முன்னோர். பின்னாளில் யாப்புப் பயிலும்போது அப்பிள்ளைக்கு ஒரு சீரேனும் முன்பே அறிமுகமான மரமாய் இருக்கும்.

விதைப்பதற்கு ஏற்றது கடகத் திங்கள், உழவர் வழக்கில் ஆடி. நெல்லியும் கூவிளமும் ஒதியும் மரமாகுமாதலின், இடமில்லாதார் அவற்றைத் தெருவோரத்திலோ ஊர்ப்பொதுவிலோ நட்டு, வீட்டில் எஞ்சியவற்றோடு அமையலாம். ஒவ்வொரு செடியின் அடியிலும் சிறு பலகை ஒன்று வேண்டும். அதில் எழுத்தை மட்டும் பெரியோர் எழுதுக. பெயருக்குரிய இடத்தை வெறுமையாய் விடுக. எழுதப் பழகும் நாளில் பிள்ளையே அதனை எழுதிக்கொள்ளும்.