விளங்கவில்லை என்று சொல்வோம்

உயர்தரத்தில் நான் ஜப்பானிய மொழியையும் ஒரு பாடமாகக் கற்கிறேன். வகுப்பறைக்கென்று முதலில் பழகிய சொற்களில் ஒன்று ‘வக்கரிமஸென்’. விளங்கவில்லை என்பது பொருள். அடுத்து, ‘மோ இச்சிதோ ஒனெகய்ஷிமஸ்’: தயவுசெய்து இன்னொரு முறை. ‘ஷிட்சுமொன் கா அரிமஸ்’: கேள்வி இருக்கிறது. மூன்றிலும் வினை தமிழைப் போலவே இறுதியில் வருவதால் மனனமாக்குவது இலகு.

மற்றப் பாடங்களில் “விளங்கிச்சா பிள்ளைகள்?” என்று டீச்சர் கேட்டால், “ஓம் டீச்சர்” என்று ஒரே குரலில் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் தவணையில் பொருளியல் புள்ளியைப் பார்த்த வாப்பா, “விளங்காட்டி கேட்டிருக்கலாமே மகள்?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஜப்பானிய மொழியில் தாராளமாகச் சொல்வதைத் தாய்மொழியில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறேன்.

விளங்காமல் ‘ஓம்’ என்பதும் ஒரு பொய்தான். அதனால் டீச்சரும் ஏமாறுகிறார், நாமும் ஏமாறுகிறோம். தோழிகளே, நாளைக்கே ஒருத்தி கையை உயர்த்தட்டும். அவளுக்குப் பின்னால் பத்துக் கைகள் உயரும். பெற்றோரே, பாடம் விளங்கவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். அதைச் சொல்லவே அவள் எவ்வளவோ துணிந்திருப்பாள்.