மார்புச் சளியை வெளியேற்றும் முறைகள்

தை, மாசி மாதங்களிலே பனி கொட்டத் தொடங்கிவிட்டால், மருதனார்மடத்திலும் அதனைச் சூழவுள்ள இணுவில், உடுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களிலும் வைகறைப் பொழுதிற் சேவலின் குரலோடு முதியோரின் இருமலும் கேட்பது வழக்கம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கூறி நாம் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறோம். பனிக்காலம் கழிந்த பின்னரும் இருமல் கழியாதிருப்பின், அது பனியின் குற்றமன்று.

ஆண்டிற்கு மூன்று மாதமேனும் சளியோடு கூடிய இருமல் இருந்து, அவ்வாறே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வருமாயின், அதற்கு வேறு நோய் காரணமில்லாதவிடத்து, அதனை நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்பர் வைத்தியர். 1952 டிசம்பரில் லண்டன் மாநகரைப் புகைமூட்டம் ஐந்து நாட்கள் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவருட் பலர் ஏற்கெனவே மார்பு நோயால் வருந்தியவர்கள். நமது குடாநாட்டில் அத்தகைய மூட்டம் இல்லை. ஆயினும் சுருட்டின் புகை உண்டு. விறகடுப்பின் புகையும் உண்டு. சுருட்டைக் கையாலும் தொடாத ஆச்சி ஒருவர், நாற்பது ஆண்டுகள் தென்னோலையும் பொச்சும் எரித்துச் சமைத்ததனாலேயே இந்நோய்க்கு ஆளாதல் கூடும்.

நமது மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் உள்ளன. அவை ஓயாது அசைந்து, தூசியோடு கூடிய சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. புகையானது அம்மயிர்களைச் சிதைக்கின்றது. சளி சுரக்கும் சுரப்பிகளைப் பருக்கச் செய்கின்றது. தள்ளுவார் குறையத் தள்ளவேண்டிய சுமை பெருகுகின்றது. தேங்கிய சளியிற் கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே, சளியை வெளியேற்ற உதவுவது நோயாளிக்கு இன்றியமையாததாகின்றது. அதற்குரிய முறைகளுள் முக்கியமான நான்கினை இங்கு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, கிடைநிலையால் வடியச் செய்தல். நோயாளியைத் தக்கவாறு சரித்தோ, தலையைத் தாழ்த்தியோ படுக்கவைத்து, குவித்த கையால் மார்பிலும் முதுகிலும் தட்டுவதாகும். 1901 இலேயே லண்டன் வைத்தியர் இவாட் என்பவர் கிடைநிலைச் சிகிச்சைபற்றி எழுதியுள்ளார். இம்முறைக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். தலை தாழ்ந்த நிலை, மூச்சுத்திணறல் உள்ள முதியோர்க்கும் இருதய நோயாளருக்கும் ஒவ்வாது. உணவு உண்டவுடன் செய்தல் எவர்க்கும் ஆகாது.

இரண்டாவது, சுழற்சிமுறை மூச்சுப் பயிற்சி. சிறிது நேரம் அமைதியாக மூச்சுவிட வேண்டும். பின்னர் மூன்று, நான்கு முறை ஆழமாக உள்ளிழுத்து, ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி நிறுத்தி மெதுவாக விடவேண்டும். அதன் பின்னர், கண்ணாடியின் மீது ஊதி அதனை மங்கச் செய்வதுபோல, வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றை வெளியே தள்ளவேண்டும். பலமாக இருமும்போது தளர்ந்த குழாய்கள் ஒடுங்கிச் சளியை உள்ளேயே அடைத்துவிடக்கூடும். ‘ஹா’ என்னும் ஊதலில் அவ்வொடுக்கம் குறைவு, களைப்பும் குறைவு. துணையும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

மூன்றாவது, பெல்ஜியத்தில் ஜான் செவாலியே என்பவர் 1960களில் வகுத்த முறை. முதலிற் குறைந்த கொள்ளளவிலும், பின்னர் நடுத்தரமாகவும், இறுதியில் நிறைவாகவும் மூச்சுவிட்டுச் சளியைப் படிப்படியாக மேலே கொணர்வது. நல்ல பயனுடையதாயினும், பழகுவதற்குப் பொறுமையும் தேர்ந்த ஆசானும் வேண்டும்.

நான்காவது, தடையை எதிர்த்து மூச்சுவிடுதல். இதற்கெனச் சிறு கருவிகள் உள்ளன. போத்தலில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் விட்டு, அதனுள் அமிழ்ந்த குழாய் வழியே குமிழி எழ ஊதுவதும் இவ்வகையினதே. நீரின் எதிரழுத்தம் குழாய்களைத் திறந்து வைக்கின்றது. நீரை நாள்தோறும் மாற்றி, போத்தலையும் குழாயையும் கழுவி உலர்த்தாவிடில், அதுவே கிருமிக்கு வீடாகிவிடும்.

இவற்றுள் எது சிறந்தது? 2012 இல் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர் 28 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். இம்முறைகள் பெரும்பாலும் தீங்கற்றவை, நன்மை சிறிதளவே, நோய் முற்றிய வேளையில், தடையை எதிர்த்து ஊதும் வகையைச் சேர்ந்த முறைகள் செயற்கைச் சுவாசத்தின் தேவையைக் குறைக்கக்கூடும் என்று கண்டனர். எனவே, தனியே செய்யத்தக்க இரண்டாவது முறையிலிருந்து தொடங்குவதே விவேகம். போதாதாயின் நான்காவதைச் சேர்த்துக்கொள்ளலாம். எதனையும் முதலில் இயன்மருத்துவரிடம் நேரிற் கற்றுக்கொள்ள வேண்டும். சளி அதிகம் இல்லாதவர்க்கு இப்பயிற்சி தேவையில்லை.

சளியில் இரத்தம் காணப்படினும், மார்பிலே திடீர் வலி தோன்றினும், உதடு நீலம் பாரிப்பினும் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம். இருமலை அடக்கும் பாணியைக் கடையிற் கேட்டு வாங்கிக் குடிப்பது, வெளியேற வேண்டிய சளியை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

பெரியோர் பலர், அதிலும் பெண்கள், பிறர்முன் சளி துப்ப நாணி அதனை விழுங்கிவிடுகின்றனர். மூடியுள்ள சிறு பாத்திரம் ஒன்றினை அவர்கள் பக்கத்தில் வைப்பது பிள்ளைகளின் கடமை. வீட்டிலுள்ள மாணவர், காலையும் மாலையும் பத்து நிமிடம் ஆச்சியின் அருகே அமர்ந்து, அவரோடு தாமும் ‘ஹா’ என்று ஊதிக் காட்டலாம். அடுப்படியின் புகை வெளியேற வழி செய்தலும் சுருட்டை விடச் செய்தலும் இதனினும் பெரிய சிகிச்சை. புகை தொடருமளவும் எப்பயிற்சியும் ஓட்டைப் படகில் நீர் இறைப்பதையே ஒக்கும்.