மாவுப்பூச்சியை மொத்தமா ஒழிச்சா குளவி எங்கே போகும்?

2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. மருந்து அடித்தும் பெரிய பலனில்லை. ஏன்னா, அதன் உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு. மருந்து லேசில் உள்ளே இறங்காது.

2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அதில் முக்கியமானது 'அசெரோஃபேகஸ் பப்பாயே'. எறும்பைவிடச் சின்ன உருவம். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு, உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும். தமிழக வயல்களில் விட்ட பிறகு மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது.

அதோடு கதை முடிஞ்சுதா? இல்லை. இந்தக் குளவிக்கு மாவுப்பூச்சிதான் சாப்பாடு, அதுதான் தொட்டில். மாவுப்பூச்சி பெருகினால் கொஞ்சம் தாமதமாகக் குளவியும் பெருகும். மாவுப்பூச்சி குறைந்தால் குளவிக்கு முட்டை வைக்க இடமில்லை, அதுவும் குறையும். அங்கங்கே நாலு மாவுப்பூச்சி மிச்சமிருந்தால்தான் நாலு குளவியும் உயிரோடு இருக்கும். அடுத்த தாக்குதலுக்கு அதுதான் முதல் காவல்.

ஆனால் வயலில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் மருந்து அடிப்பதே நம் பழக்கம். அதில் மெழுகு போர்த்திய மாவுப்பூச்சி பல தப்பிக்கும், குளவி செத்துப்போகும். பிறகு தட்டிக்கேட்க ஆளில்லாமல் மாவுப்பூச்சி பெருகும்.

அதற்காக விவசாயியைக் குறை சொல்வது நியாயமில்லை. குளவி பெருகும்வரை "பொறுமையா இருங்க" என்று சொல்வது சுலபம். கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அந்த இடைவெளிதான் நஷ்டம்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அரசு. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சி வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. மரவள்ளியைத் தாக்கிய இன்னொரு மாவுப்பூச்சிக்காக, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்த குளவிகள் 2022-ல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டன. ஒவ்வொரு முறையும் பயிர் வெளுத்த பிறகு ஓடக் கூடாது. பூச்சி அடங்கியிருக்கும் காலத்திலும் வட்டாரம்தோறும் குளவி வளர்ப்பு நடக்க வேண்டும். "பூச்சி இல்லையே, எதுக்குச் செலவு?" என்று அந்த நிதியை வெட்டினால், அடுத்த முறை குளவி வந்து சேர்வதற்குள் பயிர் போயிருக்கும்.