நீளம் பார்த்துப் பிரிக்கும் சல்லடை

எஹலியகொடப் பகுதித் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்குச் சல்லடையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஸ்டோரிலே தேயிலையைச் சலிக்கும்போது தூள் கீழிறங்குவதையும் பெரிய இலை மேலே தங்குவதையும் அவர்கள் கண்டிருப்பர். உயிரணுக்களுள் உறையும் டி.என்.ஏ. இழையின் துண்டுகளைப் பிரிப்பதற்கும் இத்தகைய சல்லடை ஒன்று உண்டு. அதன் பயனை நம் நாட்டுத் தாயொருத்தி நன்கறிவாள்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது, கல்முனையில் கைக்குழந்தை ஒன்று இடிபாடுகளிடையே உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் அன்று சேர்க்கப்பட்டோரில் 81ஆவது ஆளாகையால் அந்த இலக்கமே அதற்குப் பெயராயிற்று. பெற்றோர் தேடி வந்தனர். பிள்ளை தம்முடையதே என்று நிலைநாட்டுவது எங்ஙனம்? நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஆணையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்தது. பிள்ளை தாய்மடி சேர்ந்தது.

டி.என்.ஏ.யின் சில இடங்களில் ஒரே சிறு கோலம் மீண்டும் மீண்டும் வரும். எத்தனை முறை வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகப் பிள்ளை அதனைப் பெறுகிறது. ஆகவே, "இது யார் பிள்ளை?" என்ற வினா, "இத்துண்டின் நீளம் எவ்வளவு?" என்ற வினாவாக மாறிவிடுகிறது!

நீளத்தை அளப்பது மின்சாரம். டி.என்.ஏ. எதிர் மின்னேற்றம் உடையது. ஆதலின் நேர்மின் முனையை நோக்கி ஓடும். வெறும் நீரில் விட்டால் நெடியதும் குறியதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும். கடற்பாசியிலிருந்து எடுத்த பாகு போன்ற வலையினூடே விட்டாலோ, குறியது நழுவி முந்தும். நெடியது சிக்கிப் பிந்தும். இம்முறைக்கு எலெக்ட்ரோபோரெசிஸ் என்று பெயர்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் விரைவு கூடும் அன்றோ? கூடும், ஆனால் பாகு சூடேறிக் காரியம் கெடும். இங்கேதான் நுண்மை கைகொடுக்கிறது. கண்ணாடித் தகட்டில் தலைமயிர் அளவே அகலமான வாய்க்காலைச் செதுக்கினால், வெப்பம் உடனே சுவர்வழி வெளியேறிவிடும். அழுத்தத்தை அஞ்சாது உயர்த்தலாம். 1994இல் அமெரிக்காவின் பேர்க்லியில் வூலி, மத்தீஸ் என்னும் இருவர் இவ்வாறு துண்டுகளை ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் பிரித்துக் காட்டினர்.

கன்னத்தின் உட்புறம் தடவிய பஞ்சை இட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் விடை தரும் பெட்டிகள் இன்று உள்ளன. 2018இல் கலிபோர்னியக் காட்டுத்தீயில் மாண்டோரை இனங்காண அவை உதவின. கல்முனைக் குழந்தையோ ஏழு வாரம் காத்திருந்தது. அத்தாமதத்திற்கு ஆய்வுகூடத்தைக் குறைகூறுதல் நியாயமன்று. வழக்கு நடைமுறைக்கும் அதில் பங்குண்டு. அதை விரைவாக்கும் வாய்க்காலை எவரும் இன்னும் செதுக்கவில்லை.