உறையும் இரத்தமும் உறங்கும் நிர்வாகமும்



பால் உறைவதைப் பற்றி நமக்கு எந்தப் பேராசிரியரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெட்டிய பட்டையில் வழியும் பால் சற்று நேரத்தில் தானே உறைந்து மரத்தின் காயத்தை மூடிக்கொள்கிறது. மறுவெட்டுக்கு முன் அதை உரித்து ஒட்டுப்பால் என்று சேர்க்கிறோம். கோப்பையிலேயே உறைந்துவிட்டால் அது கட்டிப்பால். ஆலையில் அமிலம் ஊற்றினால் பால் உறைகிறது. அமோனியா கலந்தால் உறையாமல் நிற்கிறது. இதெல்லாம் நம் கைகள் அறிந்த கல்வி.

நம் உடம்பில் ஓடும் இரத்தத்தின் கதையும் இதுவே. உளி பட்டு விரல் கிழிந்தால் இரத்தத் தட்டுகள் என்னும் நுண்துகள்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் ஃபைப்ரின் என்னும் இழை வலை பின்னுகிறது. இரத்தம் நிற்கிறது, உயிர் நிலைக்கிறது. காயத்தின் வாயில் உறைந்தால் அது காவல். ஓடும் குழாய்க்குள் உறைந்தாலோ அது காலன்! இருதயத்துக்குச் செல்லும் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம். குழாய் வெடித்து மூளையில் இரத்தம் கசிவதாலும் பக்கவாதம் வருவதுண்டு. ஆயினும் அடைப்பினால் வருவதே அதிகம்.

இரத்தம் ஏன் தகாத இடத்தில் உறைகிறது? ஓட்டம் மந்தமாகும்போது, குழாயின் உட்சுவர் புண்படும்போது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறும்போது. சிலருக்கு இந்தத் தன்மை பிறவியிலேயே குடும்ப வழியாக வருகிறது. அத்தகையோருக்குப் பெரும்பாலும் காலின் உள்நரம்பில் இரத்தம் உறைகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரும்பாலும் வழி திறந்துவிடுவது இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு, புகை என்னும் நால்வரே. இவர்கள் ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவரை அரிக்கிறார்கள். ஒருநாள் அந்தச் சுவர் கிழிகிறது. இரத்தம் அதைக் காயமென்று எண்ணி அங்கே உறைகிறது. இருதயம் தாளம் தப்பித் துடிப்பவர்களுக்கு இருதயத்துக்குள்ளேயே கட்டி உண்டாகி மூளைக்குப் பாய்வதும் உண்டு.

ஆகவே இது பேய்க்காற்றும் அல்ல, தலைவிதியும் அல்ல. தடுக்கக்கூடிய நோயை விதியென்று சொல்லி அழுவது நமக்கு வழக்கமாகிவிட்டது; நிர்வாகத்துக்கோ அது வசதியாகிவிட்டது.

இந்த உறைதலைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் தோட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மலாயாவின் வடபகுதி ரப்பர்க் காடுகளில் சருகோடு சருகாகக் கிடக்கும் குழிவிரியன் பாம்பை நாம் அறிவோம். அது தீண்டியவர்களைப் பினாங்குப் பொது மருத்துவமனையில் கவனித்து வந்த டாக்டர் அலிஸ்டர் ரீட் ஒரு விந்தையைக் கண்டார். கடிபட்டவர்கள் பலருக்கு நாட்கணக்கில் இரத்தம் உறையவே இல்லை. ஆயினும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். 1963இல் அவர் இதை மருத்துவ ஏட்டில் எழுதினார். அந்த விஷத்திலிருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பக்கவாதத்துக்கும் அதைச் சோதித்தார்கள். ஒரு சோதனை நம்பிக்கை தந்தது; பின்னர் நடந்த சோதனைகளில் அந்த நன்மை உறுதிப்படவில்லை. இருந்தாலும் அந்த ஆராய்ச்சியின் முதல் ஏடு, இருட்டோடு மலைக்குப் போய்ப் பாம்புக்கடி பட்ட ஏழையின் காலில் எழுதப்பட்டது!

இன்னொன்று கேளுங்கள். செம்பனைக் காடுகளில் எலிக்கு வைத்த வார்ஃபரின் என்னும் நஞ்சு, எலியின் இரத்தம் உறையாமல் செய்து அதைக் கொல்கிறது. 1948இல் எலி மருந்தாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதே பொருளை, அளவறிந்து கொடுத்தால் மனிதனைக் காக்கும் என்று கண்டு 1954இல் மருந்தாக்கினார்கள். நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஆண்டும் அதுவே. இருதயத் தாளம் தப்பியவர்களுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. அளவு கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். எனவே அடிக்கடி இரத்தம் சோதித்தாக வேண்டும்.

இங்கேதான் நமது வழக்கு எழுகிறது. மருந்து இருக்கிறது, அது லயத்துக்கு வந்து சேர்கிறதா? மூளைக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் மூளை அணுக்கள் மடிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னர் அடைப்பா, கசிவா என்று மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தொலைவில் உள்ள தோட்டத்தில், லாரியைத் தேடவும் கிராணியை எழுப்பவும் ஒரு மணி போய்விட்டால் மிச்சம் என்ன? முன்பு டிரஸ்ஸர் இருந்த பல தோட்டங்களில் இன்று பூட்டிய கட்டடம்தான் இருக்கிறது.

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், 2019இல் திருத்தப்பட்ட பின்னரும், தோட்டத் தொழிலாளியின் குடியிருப்போடு மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. சட்டம் காகிதத்தில் உறைந்து கிடக்கலாமா? அதை ஓடவைப்பது சங்கத்தின் வேலை. ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் இரவும் பகலும் புறப்படத் தயாராக ஒரு வண்டியும், அதை எடுக்கப் பொறுப்பான ஓட்டுநரும் இருக்க வேண்டும்.

இரண்டு: கொதிப்பும் இனிப்பு நீரும் அளக்கும் கருவிகள், அளக்கத் தெரிந்த ஆளோடு, வேலை நடக்கும் இடத்துக்கே வர வேண்டும்.

மூன்று: இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக் போகும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது. படுத்தவனுக்கு விடுப்புக் கொடுக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. படுக்காமல் இருக்கப் போகிறவனுக்கு ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்.

செலவாகுமே என்பார்கள். கை கால் விழுந்த ஒரு வெட்டுக்காரனோடு ஒரு குடும்பமே விழுகிறது. அந்தச் செலவை இதுநாள்வரை யார் சுமந்தார்கள்? அவன் மனைவியும், படிப்பை நிறுத்திய பிள்ளையும் அல்லவா!

நம் பங்குக்கு நாமும் சிலவற்றைச் செய்ய வேண்டும். சுருட்டும் சிகரெட்டும் இரத்தத் தட்டுகளை ஒட்டவைக்கின்றன, விட்டொழியுங்கள். உப்பையும் மதுவையும் குறையுங்கள். உடம்பு நன்றாயிருக்கிறதே என்று கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்றாயிருப்பது அந்த மாத்திரையால்தான். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் விரல் நுனியைக் குத்திக்கொண்டும் நேரத்தைப் போக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; கசிவாக இருந்தால் ஆஸ்பிரினும் கேடு செய்யும். தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலும் அவ்வாறே. பெண்களுக்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறலாகவே வரலாம் என்பதை மறவாதீர்கள். நோயினால் வேலை செய்ய முடியாமற் போனால், சந்தா விதிகள் நிறைவேறியிருக்கும்போது, பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியம் உண்டு. உடனே கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

பால் உறையாமல் ஆலைக்குச் சேர அமோனியாவும் வண்டியும் நேரந்தவறாமல் அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்தப் பாலை எடுத்தவன் உயிர் உறையாமல் ஆஸ்பத்திரி சேர வண்டி அனுப்பவும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தெரியவைப்போம்!