புயலுக்குப் பிறகு அரிசி வருது, போர்வை வருது... பயிற்சி? புதுச்சேரி தொண்டு அமைப்புகளுக்கு நல்லவாடு சொல்லும் பாடம்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மறுநாள் காலை ராணுவம் படகுடன் வந்து மக்களை மீட்டது. ரேஷன் கார்டுக்கு தலா ரூ.5,000 நிவாரணம் அறிவித்தார் முதலமைச்சர் ரங்கசாமி.

ராணுவமோ பேரிடர் மீட்புப் படையோ வந்து சேரும் வரை யார் இருப்பார்கள்? பக்கத்துத் தெரு இளைஞர்கள், மகளிர் குழுவினர், உள்ளூர் தொண்டு நிறுவன ஊழியர்கள். முதல் சில மணி நேரம் இவர்கள் கையில்தான். ஆனால் வெள்ளத்தில் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்பதை இவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

நல்லவாட்டில் நடந்தது என்ன?

பயிற்சியின் மதிப்பைப் புரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டாம். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவ கிராமம் நல்லவாடு போதும்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர், சுனாமி செய்தி கேட்டதும் ஊருக்குப் போன் செய்தார். தகவல் கிடைத்ததும் ஊர்க்காரர்கள் கிராமத்துத் தகவல் மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 3,600 பேர் வசித்த ஊர் உயிர் தப்பியது. படகுகள் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள்.

போன் வந்தது அதிர்ஷ்டம். ஒலிபெருக்கி அங்கே இருந்தது அதிர்ஷ்டம் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊரே தர வேண்டும்; நடத்தும் தன்னார்வலர்களும் உள்ளூர்க்காரர்களே. கணினி இயக்க, தகவலைச் சரிபார்த்து மக்களுக்குச் சொல்ல அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மீனவ கிராமங்களில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவிப்பது அன்றாட வேலை.

அதனால்தான் அன்று காலை 'மைக் எங்கே, யார் பேசுறது, ஊர் நம்புமா' என்ற குழப்பம் வரவில்லை. தினமும் கேட்ட குரல் 'ஓடுங்க' என்றதும் ஊர் ஓடியது.

ஆர்வம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

அதே சுனாமியில் காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்தில் இன்னொரு காட்சி. நாடு முழுவதும் இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் மலை போல் குவிந்தன. கேட்டவர் யாரும் இல்லை, உடுத்தியவரும் அதிகம் இல்லை. ஒரே குப்பத்துக்கு நான்கு அமைப்புகள் போகும். பக்கத்துக் குப்பத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய, 2005 ஜனவரி தொடக்கத்திலேயே மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து தொண்டு நிறுவனங்கள் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எங்கே என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் போடத் தொடங்கிய பிறகுதான் உதவி ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. தேவையைக் கணக்கெடுப்பதும் ஒரு திறமைதான். அதையும் கற்றுத்தான் ஆகணும்.

சரி, பயிற்சின்னா என்ன சொல்லித் தருவாங்க?

முதலில் கணக்கு. மனிதாபிமான உதவிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் 'ஸ்ஃபியர்' கையேடு குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. ஒரு நபருக்கு நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர். தங்க 3.5 சதுர மீட்டர் இடம். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு 20 பேருக்கு ஒன்று.

ஒரு கல்யாண மண்டபத்தில் 200 பேரைத் தங்க வைத்தால்? தண்ணீர் 3,000 லிட்டர். கழிப்பறை முதலில் 4, பிறகு 10. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. இந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முகாமின் நிலைமை மாறும். தெரியாவிட்டால் சாப்பாடு வரும், கழிப்பறை இருக்காது. இருட்டிய பிறகு போகலாம் என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்.

அடுத்தது உயிர் காக்கும் திறன். இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துவது, ஓடும் தண்ணீரில் இறங்காமல் கயிறு வீசி மீட்பது, அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகே யாரையும் விடாமல் தடுப்பது. இவை வீடியோ பார்த்து வராது. கையால் செய்து பழகணும்.

மூன்றாவது, மனசு. உலக சுகாதார அமைப்பின் உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொற்களில் இதைச் சொல்கிறது: பார், கேள், இணை. வீட்டை இழந்தவரிடம் 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்வதைவிட, அவர் பேசுவதைக் கேட்டு, சரியான உதவியிடம் கொண்டு சேர்ப்பதே முக்கியம்.

அரசுத் திட்டம் இருக்கே?

இருக்கிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில், நாடு முழுவதும் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலர்களுக்கு ரூ.369.41 கோடியில் 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு என்று திட்டமிடப்பட்டது. அடுத்து வந்த 'யுவ ஆப்த மித்ரா' என்.சி.சி., என்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகளின் இளைஞர்களைக் குறிவைக்கிறது.

நல்ல முயற்சிதான். ஆனால் இவை தனிநபர் தன்னார்வலர்களுக்கானவை. முகாம் நடத்துவது, கணக்கு வைப்பது, பல மாதம் மறுவாழ்வுப் பணி பார்ப்பது என்று நிற்கும் சிறு அமைப்பின் ஊழியருக்கு இது போதாது. இலவச இணையவழிப் படிப்புகள் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

பணம் எங்கே சிக்குகிறது?

நன்கொடையாளர் பார்க்க விரும்புவது அரிசி மூட்டையின் போட்டோ. பயிற்சிக்கு அப்படி ஒரு போட்டோ கிடையாது.

சட்டமும் இறுக்கமாகியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு நிதியை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் தடை. அதாவது, டெல்லியில் உள்ள பெரிய நிறுவனம் அந்தப் பணத்தைப் புதுச்சேரியின் சிறு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. பணம் மக்களுக்குப் போய்ச் சேரணும், முறைகேடு நடக்கக் கூடாது என்பது அரசின் வாதம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் செலவைச் சுருக்க வேண்டிய நிலையில், ஒரு சிறு அமைப்பு முதலில் கைவைக்கக்கூடியது பயிற்சியில்தான்.

உலக அளவிலும் இதே கதை. 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில், மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாகப் பெரிய நன்கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

ஒருநாள் பயிலரங்கு போதுமா?

போதாது. ஹோட்டலில் ஒருநாள் கூட்டம், சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடிந்தால் அடுத்த மழைக்குள் மறந்துவிடும். பயிற்சி பெற்றவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். நல்லவாட்டில் வேலை செய்தது ஒருநாள் வகுப்பு இல்லை, தினசரிப் பழக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை, தமிழில் பாடம், ஒரே வேலைக்கு இரண்டு பேர் தயார் என்ற ஏற்பாடு. சிறு அமைப்புக்கும் இது எட்டாத செலவு இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் நீங்கள் நன்கொடை தரும் அமைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் ஊழியர்கள் கடைசியாக எப்போது முதலுதவிப் பயிற்சி எடுத்தார்கள்? முகாமுக்கான தண்ணீர், கழிப்பறைக் கணக்கு யாருக்குத் தெரியும்? அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள்?

பதில் இல்லை என்றால் நன்கொடையை நிறுத்த வேண்டாம். அதில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு என்று எழுதிக் கொடுங்கள்.